பீரங்கிப் பட்டறையும் ஒரு பள்ளிக்கூடமும்

ஹைதராபாத் அபிட்ஸ் பக்கத்தில் ஆட்டோ ஏறி 'கன்ஃபவுண்டரி' என்றால் போதும், கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். நிஜாமின் படையில் இருந்த ரேமண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1786-இல் அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறை நடத்தினார். அதன் மிச்சம் இடிந்த சுவராக இன்னும் நிற்கிறது. உருதுவில் 'தோப் கா சாஞ்சா' என்பார்கள், அதாவது பீரங்கி அச்சு. அந்தப் பேட்டையில்தான், புனித சூசையப்பர் கதீட்ரலை ஒட்டி, ஆல் செயின்ட்ஸ் பள்ளி இருக்கிறது. தொடங்கிய வருஷம் 1855. சிப்பாய்க் கலகத்துக்கு இரண்டு வருஷம் மூத்தது.

அப்போது ஹைதராபாத் கத்தோலிக்க மிஷனின் ஆயர் டேனியல் மர்ஃபி. அயர்லாந்துக்காரர், சென்னை வழியாக வந்தவர். பத்து வருஷம் கழித்து ஆஸ்திரேலியப் பக்கம் டாஸ்மேனியாவுக்கு ஆயராகப் போய், 1907-இல் அங்கேயே காலமானார். அவருக்குப் பிறகு இத்தாலியப் பாதிரிமார்களின் காலம். இன்று அதே ஹைதராபாதின் பேராயர் பூலா அந்தோணி. தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால், தெலுங்கு பேசுகிறவர்களிலும் அவர்தான் முதல் கர்தினால். 2022-இல் அவர் கர்தினாலானார். அயர்லாந்திலிருந்து ஆந்திரத்துக்கு வந்துசேர ஏறக்குறைய 170 வருஷம் பிடித்திருக்கிறது. தாமதம்தான், ஆனாலும் வந்துவிட்டது.

பள்ளியின் பெயருக்கு நம் பழைய கத்தோலிக்கத் தமிழில் அழகான சொல் உண்டு: சகல அர்ச்சிஷ்டவர்கள். நவம்பர் 1 அவர்களுடைய திருநாள். நம் கோவில்களில் அர்ச்சிஷ்டவர் 'புனிதர்' ஆகி எத்தனையோ காலமாகிறது. பாட்டிமார் வாயில் மட்டும் பழைய சொல் கேட்கும்.

நிஜாம் ராஜ்யத்தில் ஆங்கிலப் பள்ளி என்பது தீவு மாதிரி. அலுவலகத்தில் முதலில் பாரசீகம், 1880-களில் அதன் இடத்துக்கு உருது. 1918-இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவையே பயிற்று மொழியாக வைத்துக்கொண்டது. இங்கிலீஷ் படித்த பையன் போக நிஜாம் காலேஜ் இருந்தது. 1887-இல் வந்த அந்தக் கல்லூரி 1947 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அங்கே பட்டம் வாங்கியவனின் சான்றிதழில் சேப்பாக்கத்து முத்திரை இருக்கும்.

இப்போது பள்ளியை நடத்துவது மான்ட்ஃபோர்ட் பிரதர்மார்கள். ஃபாதர் வேறு, பிரதர் வேறு. பிரதர் பூசை வைக்க மாட்டார், பாடம் நடத்துவதுதான் அவருடைய துறவறம். துறவிகள் பள்ளி நடத்தக்கூடாது என்று பிரான்ஸ் அரசு நெருக்கிய 1903-இல் இந்தச் சபையார் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார்கள். முதலில் வந்து இறங்கிய ஊர் நம் திண்டிவனம். ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் இவர்கள் தொடங்கியது.

ஆனால் ஆல் செயின்ட்ஸின் பெயரை நாடறியச் செய்தது வகுப்பறை இல்லை, கிரிக்கெட். பெயர் வாங்கித் தந்தவர்களில் முதல் இரண்டு பேருமே முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். கத்தோலிக்கப் பையன்கள் ஞானோபதேச வகுப்புக்குப் போகையில் மற்றவர்கள் 'மாரல் சயின்ஸ்' வகுப்பில் உட்காருவது இந்த மாதிரிப் பள்ளிகளின் வழக்கம். மாலையில் எல்லாரும் ஒரே டீம்.

சையத் அபித் அலியை 1956-இல் ஹைதராபாத் பள்ளிகள் அணிக்குப் பொறுக்கி எடுத்தார்கள். பேட்டிங்கைப் பார்த்து அல்ல, ஃபீல்டிங்கைப் பார்த்து! இந்திய ஆட்டக்காரர்கள் பந்துக்குப் பின்னால் ஓடுவதைக் கௌரவக் குறைவாக நினைத்த காலம் அது. கேரளத்துக்கு எதிராக 82 ரன் அடித்தார், சிறந்த ஃபீல்டர் பரிசும் வாங்கினார். சில வருஷத்தில் ஸ்டேட் பேங்க் ஆஃப் ஹைதராபாத் கிரிக்கெட் அணி தொடங்கியபோது அவருக்கு அங்கே வேலை கிடைத்தது. அந்த வங்கியின் தலைமை அலுவலகமும் அதே கன்ஃபவுண்டரிதான். பள்ளிக்கூடமும் சம்பளமும் ஒரே தெருவில்! 1967-இல் அடிலெய்டில் முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸிலேயே 55 ரன்னுக்கு 6 விக்கெட். 1971-இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை இந்தியா முதன்முதலாக அதன் மண்ணில் தோற்கடித்தபோது வெற்றி பவுண்டரியை அடித்தவரும் இவர்தான்.

அடுத்தவர் அசாருதீன். 1984-85-இல் கொல்கத்தா, சென்னை, கான்பூர் என்று முதல் மூன்று டெஸ்டிலும் மூன்று சதம். இன்றுவரை வேறு யாரும் செய்யாத காரியம். கால் பக்கம் மணிக்கட்டைத் திருப்பும் அந்த ஃபிளிக்கை சேப்பாக்கத்தில் பார்த்தவர்கள் இன்னும் கையை வீசிக் காட்டுகிறார்கள்.

இன்று? அபித் அலிக்கு வேலை தந்த அந்த வங்கியே இல்லை. 2017 ஏப்ரலில் ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவில் கரைந்துவிட்டது. பள்ளியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் லால் பகதூர் ஸ்டேடியத்தை விட்டுப் பெரிய ஆட்டங்கள் உப்பலுக்குப் போய்விட்டன. நகரமே மேற்கே ஹைடெக் சிட்டி பக்கம் நகர்ந்துவிட்டது, காசுள்ள குடும்பங்களும் கூடவே. 2018-இல் வந்த சட்டப்படி தெலங்கானாவில் எந்தப் பள்ளியானாலும் தெலுங்கு கட்டாயப் பாடம். இது நியாயமான மாற்றம் என்றுதான் நான் சொல்வேன்.

மனசுக்கு ஒப்பாத மாற்றம் வேறு. நம் ஊரில் பிளஸ் டூ வரை ஒரே பள்ளியில் படிக்கலாம். அங்கே பத்தாம் வகுப்போடு பள்ளி முடியும், அடுத்த இரண்டு வருஷம் 'இன்டர்' என்று தனிக் கல்லூரி. அசார் காலத்தில் இன்டர் ஒரு மூச்சு விடும் இடைவெளி. இப்போது அதுதான் உலைக்களம். விடிகாலையில் தொடங்கி இரவு வரை ஜே.இ.இ., நீட் என்று காய்ச்சுகிறார்கள். அந்தச் சூடு கீழே இறங்கி, ஆறாம் வகுப்புப் பையனுக்கே 'ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன்' என்று தெருவெங்கும் பலகை தொங்குகிறது. மைதானமே இல்லாத நாலு மாடிக் கட்டடத்தில் பள்ளி நடக்கிறது. எந்தப் பெற்றோரும் அதைப் பெரிதாகக் கேட்பதில்லை.

பையனை எதற்குத் தயார் செய்கிறோம் என்ற கேள்விக்கு அன்றைக்கும் பதில் உத்தியோகம்தான், இன்றைக்கும் உத்தியோகம்தான். அதில் நடிப்பு வேண்டாம். ஆனால் அன்றைக்கு அந்த உத்தியோகத்துக்கு ஒரு கேட்ச் பிடித்தும் போக முடிந்தது.

அபித் அலி 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் காலமானார். வயது 83. அடுத்த ஜூனில் பிள்ளைக்குப் பள்ளி பார்க்கப் போகிறவர்கள், போன வருஷ ரேங்க் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு மைதானம் எங்கே என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.