18 வயதுக்குப் பிறகு எங்கே போவது?

எனக்கு 20 வயது. பல்கலைக்கழகக் கட்டணத்தில் ஒரு பகுதியை அப்பா கட்டுகிறார். தேர்வு நாள்களில் நான் சாப்பிட்டேனா என்று அம்மா விசாரிக்கிறார். என் நண்பர்களில் பெரும்பாலோரின் நிலையும் இதுதான். ஆனால், எங்கள் வயதை ஒத்த சில இளையர்களுக்கு இந்தத் துணை 18 வயதை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. சிறுவர் இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் வளர்ந்தவர்கள் அவர்கள்.

ஈராண்டுகளாக வாரம் ஒருமுறை ஓர் இல்லத்தில் உயர்நிலை மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித்தரும் தொண்டூழியராகச் சென்று வருகிறேன். பாடம் முடிந்ததும் மூத்த மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது கணிதத்தைப் பற்றி அல்ல, “இங்கிருந்து போன பிறகு என்ன செய்வது?” என்பதைத்தான்.

சிங்கப்பூரின் சிறுவர், இளையர் சட்டம் 2019ல் திருத்தப்பட்டது. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இருந்த பாதுகாப்பு, 18 வயதுக்குக் குறைந்தவர்கள்வரை விரிவாக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம் இது. இருப்பினும், 18 வயதில் பலர் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்கள் தேசிய சேவைக்குப் போகும் வயதும் அதுவே. வார இறுதியில் முகாமிலிருந்து வெளியே வரும் வீரர், அழுக்குத் துணிப்பையுடன் வீட்டுக்குப் போவார். போக வீடில்லாதவர் என்ன செய்வார்?

கல்வி உதவிநிதிக்கு விண்ணப்பித்தால் குடும்ப வருமான விவரம் கேட்கிறார்கள். “பல வருஷமா பேசாத அப்பாகிட்ட அதை எப்படிக் கேக்கிறது?” என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டார்.

வீடு இன்னும் சிக்கலானது. திருமணமாகாத ஒருவர் தனியாக வீவக வீடு வாங்க 35 வயதாக வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்தவருக்கு 21 வயதிலேயே அந்த வாய்ப்பு உண்டு. ஆனால், துன்புறுத்தல், புறக்கணிப்பு போன்ற காரணங்களால் இல்லத்துக்கு வந்தவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிருடன் இருக்கிறார்கள். திரும்பிப் போக முடியாத வீடு இருப்பதால், அவர்கள் ஆதரவற்றோர் பட்டியலில் வருவதில்லை.

இத்தகைய இளையர்களின் பிற்கால வாழ்க்கையை அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். மார்க் கோர்ட்னி தலைமையிலான ஆய்வுக் குழு இலினோய், விஸ்கான்சின், அயோவா மாநிலங்களில் 700க்கும் மேற்பட்டோரை 17 வயதிலிருந்து 26 வயதுவரை பின்தொடர்ந்தது. 26 வயதில், ஈராண்டு அல்லது நான்காண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்திருந்தோர் நூற்றில் சுமார் 8 பேர் மட்டுமே. அதே வயதுடைய மற்ற அமெரிக்கர்களிடையே அது சுமார் 46 பேர்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. அப்போது இலினோய் மாநிலம் 21 வயதுவரை பராமரிப்பில் இருக்க அனுமதித்தது. மற்ற இரண்டு மாநிலங்களிலும் பெரும்பாலோர் 18 வயதில் வெளியேறினர். இலினோய் இளையர்களே கல்லூரியில் சேரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. கூடுதலாகக் கிடைத்த சில ஆண்டுகள், படிப்பைத் தொடர அவர்களுக்குக் கைகொடுத்தன.

2008ல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ், 21 வயதுவரையிலான பராமரிப்புக்கு அமெரிக்க மத்திய அரசாங்கம் மாநிலங்களுக்கு நிதி தர முன்வந்தது. இங்கிலாந்தில் 2014 முதல், வளர்ப்புக் குடும்பமும் இளையரும் விரும்பினால் 21 வயதுவரை சேர்ந்து வாழ உள்ளூர் மன்றங்கள் ஆதரவு தர வேண்டும்.

சட்டமும் கொள்கையும் நம் கையில் இல்லை. ஆனால், தொண்டூழியம் நம் கையில் இருக்கிறது. நம்மில் பலர் பள்ளி மாணவர்களுக்குத் துணைப்பாடம் நடத்துகிறோம்; அவர்கள் இல்லத்தைவிட்டுப் போனதும் தொடர்பையும் விட்டுவிடுகிறோம். உதவிநிதிப் படிவத்தைச் சேர்ந்து நிரப்புவதும், முதல் வேலை நேர்காணலுக்குத் தயார்ப்படுத்துவதும், தீபாவளிக்கு வீட்டுக்கு அழைப்பதும் அவர்களுக்கு 19, 20 வயதில்தான் அதிகம் தேவைப்படும். இல்லங்களில் சேவையாற்றும் நண்பர்களே, உங்கள் மாணவர் 18 வயதைத் தொட்டுவிட்டால், அவருடைய தொலைபேசி எண்ணை அழித்துவிடாதீர்கள். அடுத்த வாரமே ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்.