ஒரே மாத்திரை, இரு உடல்கள்



மனக்கலக்கம் தணியக் கணவருக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையில் பாதியை மனைவியும் விழுங்கிவிட்டுப் படுப்பது நம் வீடுகளில் நடக்காத காரியமல்ல. "ஒரே நோய்க்கு ஒரே மருந்துதானே?" என்பார்கள். அப்படியல்ல என்பதைச் சோதனைக்கூடத்து எலிகளே காட்டியிருக்கின்றன.

தரையிலிருந்து உயர்த்திய, கூட்டல் குறி போன்ற பலகைப் பாதை ஒன்று உண்டு. அதன் நான்கு கிளைகளில் இரண்டுக்குச் சுவர் இருக்கும், இரண்டு திறந்திருக்கும். அஞ்சிய எலி சுவருக்குள் பதுங்கும். டயாசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்தால் திறந்த பக்கமும் துணிந்து போகும். அங்கே அது கழிக்கும் நேரத்தைக் கொண்டு மருந்தின் பலனை அளக்கிறார்கள்.

பெண் எலிக்கு 4 அல்லது 5 நாட்களில் ஒரு சினைச் சுழற்சி முடிகிறது. அதில் புரோஜெஸ்டெரோன் ஹார்மோன் ஏறும் கட்டத்தில், மருந்தில்லாமலே அதன் அச்சம் தணிவதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. காரணம் என்ன? அந்த ஹார்மோனிலிருந்து உடல் அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருளை உண்டாக்குகிறது. மூளையின் பரபரப்பை அடக்கும் 'காபா' ஏற்பிகளில்தான் அது வேலை செய்கிறது. டயாசிபாம் வேலை செய்வதும் அங்கேதான். ஆகவே ஒரே அளவு மருந்து ஆணுக்கொரு விதமாகவும் பெண்ணுக்கொரு விதமாகவும், பெண்ணுக்கே நாளுக்கு நாள் வேறாகவும் பலிக்கலாம்.

இந்தச் சுழற்சி கணக்கைக் குழப்பிவிடும் என்று எண்ணியே விஞ்ஞானிகள் நெடுங்காலம் ஆண் எலிகளை நாடினார்கள். நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் வைத்து நடந்த ஆய்வுகள், பெண் விலங்குகளை மட்டும் வைத்து நடந்தவற்றைப் போல ஐந்தரை மடங்கு என்று 2011இல் ஒரு கணக்கெடுப்பு கூறியது.

மனிதரிலும் ஒரு படிப்பினை உண்டு. சோல்பிடெம் என்னும் தூக்க மாத்திரை அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது. அது பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுவதால், மறுநாள் காலையிலும் மயக்கம் நீடித்து, கார் ஓட்டுவது ஆபத்தாகலாம் என்று தெரிந்தது. அதனால் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். அது நடந்தது 2013இல்!

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் சகோதரிகளே, மாதவிலக்கு நாட்களையும், மாத்திரை கூடவோ குறையவோ வேலை செய்த நாட்களையும் நாட்காட்டியில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டாம். நீங்களாக மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. கணவரின் மாத்திரை கணவருக்கு மட்டுமே இருக்கட்டும்.