ஸ்கேனுக்குள்ளே பள்ளிக்கூடக் கணக்கு!

வயிற்றில் ஜெல் தடவி, ஒரு கட்டையை வைத்து அப்படி இப்படி உருட்டினால் டி.வி.யில் படம் வருகிறது. இதில் கணக்கு எங்கே சார் வந்தது?

இப்படி நினைத்துத்தான் என் அக்கா மகள் அமெரிக்காவில் சோனோகிராஃபி படிப்பில் சேர்ந்தாள். நம்மூரில் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனை டாக்டரே எடுத்துவிடுகிறார். அங்கே பெரும்பாலும் அதற்கென்றே படித்தவர்கள் படம் எடுத்துக் கொடுக்க, டாக்டர் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். ஏ.ஆர்.டி.எம்.எஸ். என்ற அமைப்பின் சான்றிதழ் வேண்டுமென்றால் ‘எஸ்.பி.ஐ.’ என்று பௌதிகத்துக்குத் தனிப் பரீட்சை. இவளோ பி.ஏ. வரலாறு. பானிப்பட் யுத்தம் எத்தனை என்று கேட்டால் சொல்வாள். மைக்ரோ செகண்ட் என்றால் கண்ணீர்.

“பாதி ஃபீஸ் கட்டியாச்சு மாமா. விட்டுடலாமான்னு இருக்கு” என்று ராத்திரி போன்.

எனக்கு வைத்தியம் தெரியாது. அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் ஆசாமி. புத்தகத்தின் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அட, எல்லாம் நம்ம பெருக்கல், வகுத்தல்தான்!

கிணற்றுக்குள் ‘ஏய்’ என்று கத்தினால் திரும்பி வருகிறதே, அதேதான் ஸ்கேன். உடம்புச் சதைக்குள் ஒலி விநாடிக்கு 1540 மீட்டர் ஓடுவதாக மெஷின் வைத்துக்கொள்கிறது. நேரத்தை வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம். போய்த் திரும்புகிறதல்லவா, அதனால் இரண்டு. அதை மறந்தால் 5 சென்டிமீட்டரில் இருக்கும் கல் 10-ல் போய் உட்கார்ந்துவிடும்! ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்வர 13 மைக்ரோ செகண்ட். ஆட்டோ மீட்டர் மாதிரி இந்த ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொள் என்றேன்.

“65 மைக்ரோ செகண்ட்னா?”

“அஞ்சு சென்டிமீட்டர் மாமா!” குரலில் கொஞ்சம் உயிர் வந்தது.

அலைநீளத்துக்கும் பூஜ்யங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். 1.54-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மில்லிமீட்டரில் விடை. 5 மெகாஹெர்ட்ஸுக்கு 0.31. முடிந்தது.

டெசிபல்தான் வில்லன். புத்தகம் எடுத்த எடுப்பிலேயே ‘லாக்’ என்று பயமுறுத்துகிறது. என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்தை ஒட்டி வைத்துவிட்டு இரண்டே வரி சொல்லிக் கொடுக்கலாம்: 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு, 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. டெசிபலைக் கூட்டினால் போதும், பூஜ்யம் தானாக ஏறும்.

சதைக்குள் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும், ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் சுமார் அரை டெசிபல் கரைகிறது. 5 மெகாஹெர்ட்ஸ், 10 சென்டிமீட்டர் ஆழம் என்றால் போக 25, வர 25, ஆக 50 டெசிபல். லட்சத்தில் ஒரு பங்கு! லட்ச ரூபாய் அனுப்பினால் ஒற்றை ரூபாய் திரும்புகிறது (மாசக் கடைசியில் என் சட்டைப்பை மாதிரி). அதிலும் மோதிய இடத்தில் முழுசாகத் திரும்பாத கழிவு தனி. அதே ஆழத்துக்கு 2 மெகாஹெர்ட்ஸ் போட்டால் மொத்தம் 20 டெசிபல். லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் கைக்கு வரும்! ஆனால் அலைநீளம் 0.77 மில்லிமீட்டராகிவிடுவதால் படத்தில் நுணுக்கம் போய்விடும்.

போனில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. “குண்டான பேஷன்ட் வந்தா எங்க மேடம் ஏன் ப்ரோபை மாத்தறாங்கன்னு இப்பத்தான் தெரியுது!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாப்ளர். ரத்தம் ஓடும் வேகத்தை அளப்பது. இங்கே பத்தாம் கிளாஸ் கோசைன் வந்து நிற்கிறது. ஒலிக்கற்றை ரத்த ஓட்டத்தின் திசையிலேயே போனால் கோசைன் 1. 60 டிகிரி சாய்ந்தால் அரை. நேர் குறுக்கே, 90 டிகிரியில் வைத்தால் பூஜ்யம். ரத்தம் பாட்டுக்கு ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும்; மெஷினோ ஓட்டமே இல்லை என்று கையை விரிக்கும். நல்ல ரத்தக்குழாயை அடைப்பு என்று நினைக்க வேறென்ன வேண்டும்? கழுத்து ரத்தக்குழாயைப் பார்க்கும்போது கோணம் 60-ஐத் தாண்டக்கூடாது என்று அடித்துச் சொல்வது அதனால்தான். 60-க்கு மேலே கோணத்தில் துளி பிசகினாலும் வேகக் கணக்கு எங்கேயோ போய்விடும்.