கம்பியில்லாமல் திரைக்கு வரும் படம்: அனுமதி தருவது யார்?

ஆசிரியர் ஒருவர் தம் கைபேசியிலுள்ள பாடப் படங்களை வீட்டுக் கணிப்பொறியின் பெரிய திரையில் காட்டிப் பிள்ளைகளுக்கு விளக்க விரும்புகிறார். விவசாய விரிவாக்க ஊழியர் ஒருவர், காலையில் வயலில் எடுத்த பூச்சித் தாக்குதல் படங்களை மாலைக் கூட்டத்தில் லாப்டாப் திரையில் விவசாயிகளுக்குக் காட்டுகிறார். இவ்விரு காரியங்களுக்கும் இக்காலத்தில் கம்பி ஏதும் வேண்டியதில்லை. வசதி பெரிதுதான், ஆயினும் கம்பி ஒரு வகையில் காவற்காரனாகவும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கம்பியைச் செருக வேண்டுமானால் ஒருவர் அறைக்குள் வந்தாக வேண்டும். ரேடியோ அலைகளோ சுவரையும் கடந்து அடுத்த வீட்டுக்குச் செல்பவை. எனவே கம்பி செய்துவந்த காவலைக் கணிப்பொறியின் அமைப்புகளைக் கொண்டு நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இம்முறையின் அடிப்படையைச் சிறிது அறிந்துகொள்வது நலம். வை-ஃபை அலையன்ஸ் என்னும் சங்கம் 2012-ஆம் ஆண்டில் மிராகாஸ்ட் என்ற பெயரில் இதற்கான தரத்தை வகுத்து, கருவிகளுக்குத் தகுதிச் சான்று வழங்கத் தொடங்கியது. அனுப்பும் கருவி தன் திரையில் தோன்றும் காட்சியை இடைவிடாது சுருக்கி வை-ஃபை அலைகளின் வழியே அனுப்புகிறது. பெறும் கருவி அதனை விரித்துக் காட்டுகிறது. இரண்டும் நேருக்கு நேர் தொடர்புகொள்ளக் கூடியவை. ஆதலால் இணைய வசதியே இல்லாத கிராமத்துக் கூடத்திலும் இது வேலை செய்யும். ஆண்டிராய்டு கைபேசிகளில் பல இத்தரத்தை ஏற்றவை, எல்லாமும் அல்ல. ஐபோன் ஏர்பிளே என்ற வேறொரு முறையைப் பின்பற்றுவதால் இதனுடன் நேரே இணைவதில்லை.

இரு கருவிகளுக்கிடையே செல்லும் காட்சி மறைகுறியாக்கப்பட்டே செல்கிறது. ஆகையால் நடுவழியில் ஒட்டுக்கேட்பவனைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நம் கவலைக்குரிய இடம் வாசல்: யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் இடம்.

விண்டோஸ் கணிப்பொறியில் அந்த வாசல் 'செட்டிங்ஸ்' என்பதில் 'சிஸ்டம்' பிரிவின் கீழ் 'ப்ரொஜெக்டிங் டு திஸ் பிசி' என்ற பெயருடன் இருக்கிறது. அதைத் திறந்தால் முதலில் காணப்படுவது, இக்கணிப்பொறி பிறர் கண்ணுக்குப் புலப்படலாமா என்னும் கேள்வி. எப்போதும் வேண்டாம், பாதுகாப்பான வலையமைப்புகளில் மட்டும், எங்கும் என மூன்று விடைகள் உண்டு. வீட்டில் உபயோகிப்போர் 'எப்போதும் வேண்டாம்' என்பதையே வழக்கமாக வைத்துக்கொண்டு, தேவையான வேளையில் மட்டும் இரண்டாவதற்கு மாற்றுவது உத்தமம். 'எங்கும்' என்பது ரயில் நிலையத்திலும் பயிற்சி விடுதியிலும் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்த கேள்வி, இணைய வருவோரைப் பற்றி நம்மிடம் முதல் முறை மட்டும் கேட்க வேண்டுமா, ஒவ்வொரு முறையுமா என்பது. ஒவ்வொரு முறையும் என்பதே சரி. பழைய கைபேசியை நாம் விற்றிருக்கலாம், தொலைத்திருக்கலாம், பிள்ளையிடம் கொடுத்திருக்கலாம். ஒரு முறை பெற்ற அனுமதி கருவியோடு செல்கிறதேயன்றி மனிதரோடு செல்வதில்லை.

மூன்றாவதாக வருவது பின் எண். இதன் நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. பாங்க் அட்டையின் பின் எண்ணைப் போல் இது மனத்தில் வைத்துக் காக்க வேண்டிய ரகசியம் அன்று. இணைப்புக் கேட்கும்போது அந்த எண் பெறும் கணிப்பொறியின் திரையில் தோன்றுகிறது; அனுப்புபவர் அதைப் பார்த்துத் தம் கருவியில் பதிய வேண்டும். திரையைக் கண்ணால் காணக்கூடியவரே எண்ணைப் பதிய முடியும். அதாவது, அறைக்குள் இருப்பவர் யார், சுவருக்கு அப்பால் இருப்பவர் யார் என்பதை அது பிரித்துக் காட்டுகிறது. முன்னாளில் கம்பி செய்த வேலை இதுவே. 'நெவர்' என்பதை விடுத்து 'ஆல்வேஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில வினாடித் தாமதம் உண்டு. வகுப்பறையில் அது பொருட்டல்ல.

கடைசியாக, மின்சார இணைப்பில் இருக்கும்போது மட்டும் கணிப்பொறி புலப்பட வேண்டும் என்றொரு விருப்பம் உண்டு. பாட்டரியைச் சேமிப்பதற்கானது என்று இதைத் தள்ளிவிடலாகாது. வெளியூர் செல்லும் ஊழியரின் லாப்டாப் பஸ்ஸிலும் காத்திருக்கும் கூடத்திலும் தானாகவே மறைந்துகொள்ள இது துணைபுரிகிறது.

இவையெல்லாம் மிகையான எச்சரிக்கை என்று தோன்றலாம். 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உலகின் பல பகுதிகளில் ஆயிரக்கணக்கான வீட்டுத் திரைகளில் யாரும் கேளாத ஓர் அறிவிப்பு தோன்றியது. அவை குரோம்காஸ்ட் போன்ற வேறு வகைச் சாதனங்கள். ரூட்டரில் இருந்த ஓர் அமைப்பினால் அவை இணையத்துக்கு நேரே திறந்திருந்தன. உள்ளே வந்தவர்கள் ஒரு யூடியூப் அலைவரிசைக்கு விளம்பரம் தேடிக்கொண்டு, கூடவே எச்சரிக்கையும் விட்டுச் சென்றார்கள். கருவி வேறாயினும் குறை ஒன்றே: வந்தவர் யார் என்று கேளாமல் திரையைக் கொடுத்துவிடுவது.

இதுகாறும் பெறும் பக்கத்தைப் பற்றிக் கூறினோம். அனுப்பும் பக்கத்திலும் ஆபத்து உண்டு. அனுபவத்தில் அதுவே அடிக்கடி நேர்வது. ஒரு பயிற்சி முகாமில் நான் மதிப்பெண் பட்டியலைத் திரையிட முனைந்தபோது, கருவிகளின் பட்டியலில் 'டெஸ்க்டாப்' என்று தொடங்கி எழுத்தும் எண்ணுமாக முடியும் பெயர்கள் இரண்டு இருந்தன. நான் தொட்டது அடுத்த அறையினது. அங்கே பின் எண் கேட்கும் வழக்கம் இல்லை. மாணவர்களின் மதிப்பெண்கள் அனைத்தும் அயலார் முன்னிலையில் விரிந்து கிடந்ததை ஒருவர் ஓடி வந்து சொன்ன பிறகே அறிந்தேன். அன்று முதல் கணிப்பொறிக்கு அடையாளம் தெரியும் பெயரிட்டு வைக்கிறேன். 'சிஸ்டம்' பிரிவின் 'அபவுட்' பக்கத்தில் பெயரை மாற்றலாம். சொந்தப் பெயரையும் வீட்டு எண்ணையும் அதில் சேர்க்க வேண்டாம்.

கைபேசியிலிருந்து அனுப்பும்போது திரையில் வருவதெல்லாம் அங்கும் வரும். பாங்கு அனுப்பும் ஒருமுறைக் கடவெண்ணும் அதில் அடக்கம். எனவே தொடங்குமுன் அறிவிப்புகளை நிறுத்திவிட வேண்டும். ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புவோர் விண்டோஸ் பொத்தானையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'எக்ஸ்டெண்ட்' முறையைத் தேர்ந்தால் பாடம் மட்டும் பெரிய திரைக்குச் செல்லும். கடிதங்களும் குறிப்புகளும் தம் திரையிலேயே தங்கும். பெறும் கணிப்பொறியின் மவுசும் விசைப்பலகையும் நம் கணிப்பொறியை இயக்கலாமா என்று கேட்கும் சிறு கட்டம் ஒன்றும் உண்டு. கூட்டாகப் பணிசெய்யும் சந்தர்ப்பம் தவிர, அதில் குறியிடலாகாது.

2020-ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 10 பதிப்பு முதல், படத்தைப் பெறும் இவ்வசதி கணிப்பொறியில் முன்கூட்டியே வருவதில்லை. 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் 'வயர்லெஸ் டிஸ்ப்ளே' என்பதை நாமே சேர்த்தாக வேண்டும். மேற்கூறிய பக்கத்தில் விருப்பங்கள் மங்கலாகத் தெரிந்தால் அது சேர்க்கப்படவில்லை என்று கொள்ளலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் உபயோகிப்போர், வேலை முடிந்ததும் அதே பகுதிக்குச் சென்று அதனை அகற்றிவிடலாம்; மீண்டும் வேண்டும்போது சேர்க்கச் சில நிமிஷங்களே பிடிக்கும்.