கம்ப்யூட்டர் திடீரென்று அணைகிறதா? எப்படி அணைகிறது என்று முதலில் பாருங்கள்

பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பட்டா நகல், வருமானச் சான்றிதழ் என்று இன்று எல்லாமே ஆன்லைன்தான். சின்ன வேலைகளுக்குப் போன் போதும். நீளமான படிவத்தை நிரப்ப, ஸ்கேன் செய்த சான்றிதழைச் சொன்ன அளவுக்குச் சுருக்கிப் பதிவேற்ற, வீட்டுக் கம்ப்யூட்டர்தான் வசதி. அதுவும் கடைசி நாள் பார்த்துத்தான் பொசுக்கென்று அணையும்!

உடனே "ஃபார்மேட் பண்ணிடுங்க" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். கம்ப்யூட்டர் எப்படி அணைகிறது என்பதே கோளாறு எங்கே இருக்கிறது என்பதற்குப் பாதித் துப்பு.

முதல் வேலை: விண்ணப்பத்தைக் காப்பாற்றுங்கள்

பணம் கட்டும்போது அணைந்துவிட்டதா? மறுபடி கட்டாதீர்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு போனில் அதே தளத்துக்குள் நுழைந்து, விண்ணப்பத்தின் நிலையைப் பாருங்கள். நீங்கள் 'சேவ்' செய்த பக்கம் வரை பெரும்பாலும் அங்கே இருக்கும். மீதியைப் போனிலேயே முடிக்கலாம், அல்லது அருகில் உள்ள இ-சேவை மையத்துக்குப் போகலாம். விண்ணப்பம் பத்திரமான பிறகு கம்ப்யூட்டரைக் கவனிப்போம்.

1. சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தால்

எந்தச் செய்தியும் வராமல், சுவிட்சை அணைத்த மாதிரி நின்றால், முதல் சந்தேகம் மின்சாரம், அடுத்தது சூடு.

பக்கத்து நிலத்தில் மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு மங்குகிறதா? அதே நேரத்தில் கம்ப்யூட்டரும் நிற்கிறதா? அப்படியானால் மின்னழுத்தம்தான் காரணமாக இருக்கும். மின்னகம் எண் 94987 94987-இல் எந்த நேரமும் புகார் சொல்லலாம்.

யூபிஎஸ் இருந்தும் அணைகிறதா? அதன் பேட்டரி பொதுவாக 2, 3 ஆண்டுகளில் தளர்ந்துவிடும். யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டருக்குப் பதில் ஒரு டேபிள் லேம்ப்பைச் செருகி, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் பாருங்கள். லேம்ப்பே உடனே அணைந்தால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து சூடு. ராஜகிரி, கிருஷ்ணகிரிப் பாறைகள் பகலெல்லாம் காய்ந்து, ராத்திரியிலும் அனல் விடும் ஊர் செஞ்சி. அக்னி நட்சத்திர நாட்களில் வீட்டுக்குள்ளேயே வெக்கை தாங்காது. கம்ப்யூட்டரின் பிராசஸர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை எட்டினால், கருகாமல் இருக்கத் தானே அணைந்துகொள்ளும். ஆன் செய்து கால் மணி, அரை மணி நேரம் கழித்து, ஃபேன் சத்தம் கூடி, பிறகு அணைந்தால் அது சூடுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காதீர்கள். அடியில் உள்ள காற்றுத் துளை அடைபடும். லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல், அழுத்தாமல், சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.

2. நீலத் திரை வந்தால்

இது விண்டோஸ் தானே நிறுத்திக்கொள்வது. அண்மைக்கால விண்டோஸ் 11-இல் இந்தத் திரை கறுப்பாக வரும். அது மறைவதற்குள் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதில் உள்ள பிழைப் பெயர்தான் மெக்கானிக்குக் கையில் கிடைக்கும் துப்பு.

நீலத் திரை என்றாலே கம்ப்யூட்டர் போச்சு என்று அர்த்தமில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு தவறான அப்டேட்டால், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்களில் நீலத் திரை வந்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களில் எந்தப் பாகமும் கெடவில்லை. தவறான ஃபைலை நீக்கியதும் சரியாகிவிட்டன.

ஆகவே, அண்மையில் என்ன புதிதாக வந்தது என்று யோசியுங்கள். புது பிரிண்டர் டிரைவரா, இன்னொரு ஆன்டிவைரஸா? அதை நீக்கிப் பாருங்கள். ஸ்டார்ட் மெனு தேடலில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால், எந்தத் தேதியில் எது நின்றது, எது நிறுவப்பட்டது என்ற பட்டியல் நாள்வாரியாக வரும். ஒன்றும் புதிதாக இல்லை என்றால் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' மூலம் ரேம் சோதனை செய்யலாம்.

3. அப்படியே உறைந்து நின்றால்

மவுஸ் நகராமல் திரை உறைந்துபோனால் ஹார்ட் டிஸ்க்கையும் சந்தேகப்படுங்கள். உள்ளே 'டிக் டிக்' சத்தம் கேட்டால் தாமதிக்க வேண்டாம். சான்றிதழ்கள், போட்டோக்கள், கணக்குகளை உடனே பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ நகல் எடுங்கள். அதன் பிறகுதான் பழுது பார்க்கும் பேச்சு. கம்ப்யூட்டரை மாற்றலாம், அதற்குள் இருந்த பத்து வருஷக் குடும்பப் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

திரையில் போன் நம்பர் வந்தால் மோசடி

'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று சத்தத்தோடு ஒரு திரை வரும். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழைச் செய்தியில் போன் நம்பரே இருக்காது. அழைத்தால், 'சரி செய்கிறோம்' என்று ஒரு செயலியைப் போடச் சொல்லி, உங்கள் வங்கிக் கணக்குக்குள் புகுந்துவிடுவார்கள். அழைக்காமல் பிரவுசரை மூடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன்

● நகல் எடுக்காமல் ஃபார்மேட் செய்யச் சம்மதிக்காதீர்கள்.
● ஆதார், பாஸ்புக் ஸ்கேன்களை நகல் எடுத்துவிட்டு கம்ப்யூட்டரிலிருந்து நீக்குங்கள்.
● மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.
● பிட்லாக்கர் பூட்டு இருந்தால், அதன் மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள்.
● டிஜிலாக்கரில் கிடைக்கும் சான்றிதழ்களை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் நின்றாலும் போனில் எடுக்கலாம்.

இன்னொன்று: கடைசி தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே விண்ணப்பித்துவிடுங்கள். அப்புறம் கம்ப்யூட்டர் அணைந்தாலும் நிதானமாகச் சரி செய்யலாம்.