சுமைக் குதிரைக்குப் போர்வை எப்போது?



போடி மலையில் சரியான ரோடு இல்லாத ஊர்களிலிருந்து காப்பியும் மிளகும் குதிரை முதுகில்தான் இறங்குகின்றன. தேர்தல் வந்தால் ஓட்டு மிஷினும் அதன் முதுகில்தான் ஏறுகிறது. அந்த முதுகு ஒரு வாரம் படுத்தால் வீட்டு அடுப்பும் படுத்துவிடும். அதனால்தான் இந்தப் போர்வை விஷயத்தைப் பேச வந்தேன்.

ராசிங்காபுரத்தில் மார்கழி ராத்திரிக்கு நமக்கு ஒரு துப்பட்டி வேணும். நல்ல சதைப்பிடிப்புள்ள குதிரைக்கு அதுவும் வேண்டாம். குளிர்ந்தால் அதன் ரோமம் சிலிர்த்து நிற்கும். இடையில் காற்று தங்கிக் கம்பளி மாதிரி காக்கும். உடம்பு காய்ந்திருந்தால் 5 டிகிரிக் குளிரைக்கூடத் தாங்கும். கனமான போர்வை அந்த ரோமத்தை அமுக்கிவிடுகிறது.

டாப் ஸ்டேஷன் பக்கம் கதை வேறு. சுமார் 1,700 மீட்டர் உயரம்; ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அங்கேயும் வெறும் குளிர் எதிரியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையும் கூடவே வீசும் காற்றும்தான் எதிரி. ரோமம் நனைந்து படிந்துவிட்டால் காப்பு போச்சு. முதலில் காற்று மறைவாக ஒரு கொட்டகை போடுங்கள். கிழடு, மெலிந்தது, குட்டி, நோயில் எழுந்தது, இவைகளுக்குத்தான் போர்வை அவசியம்.

பலர் தவறுவது பொதி இறக்கியதும்தான். எனக்குத் தெரிந்த ஒருவர், வேர்த்து நின்ற குதிரைமேல் யூரியாச் சாக்கைக் கட்டிவிட்டுத் தூங்கப் போனார். வேர்வை வெளியேற வழியில்லை. விடிந்து பார்த்தால் தோல் ஊறிப்போய், சேணம் உரசிய இடம் புண்ணாகிவிட்டது. காப்பி அறுவடை நேரத்தில் பதினைந்து நாள் குதிரை சும்மா நின்றது.

பொதி இறக்கியதும் கொஞ்ச தூரம் மெள்ள நடத்துங்கள். வைக்கோலைச் சுருட்டி அழுத்தித் தேயுங்கள். பிறகு முதுகில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் காய்ந்த சணல் சாக்கைப் போடுங்கள். வைக்கோல் இடைவெளியில் காற்றோடி ஈரம் போகும். காய்ந்ததும் வைக்கோலை உதறிவிட வேணும். வயிற்று வாருக்குள் உள்ளங்கை தாராளமாக நுழையட்டும். நனைந்த சாக்கை உடனே மாற்றுங்கள். தினம் ஒருமுறை போர்வையைக் கழற்றி, பிடரி முடியும் மேட்டெலும்பில் ரோமம் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காதைத் தொட்டுக் குளிரை அளக்காதீங்க. போர்வைக்குள், முன்னங்கால் சப்பைக்குப் பின்னால் கையை விடுங்கள். வேர்த்திருந்தால் போர்வை அதிகம், சில்லென்றிருந்தால் போதவில்லை.

கொள்ளு சூடு தரும் என்பார்கள். குளிர் ராத்திரிக்குக் காய்ந்த புல்தான் மேல். நார்த்தீவனம் பெருங்குடலில் நொதிக்கும்போது நெடுநேரம் சூடு உண்டாகிறது. கொள்ளை அள்ளிக் கொட்டினால் வயிற்றுவலிதான் வரும்.

நடுக்கம் நிற்காவிட்டால் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 38.5 டிகிரிக்கு மேல் போனால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அன்றைக்குப் பொதி ஏற்றாதீங்க.