இல்லத்தில் சேர்க்கும் குழந்தையைப் பற்றி ஊராட்சி அறிய வேண்டுவன

தாய் தந்தையரை இழந்த குழந்தையைச் சிற்றப்பன் வீட்டிலோ தாய்மாமன் வீட்டிலோ வைத்து வளர்ப்பது நமது கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். உறவினரின் வறுமை இடந்தராதபோது பட்டணத்திலுள்ள ஓர் இல்லத்தில் சேர்ப்பிக்கின்றோம். குழந்தை பஸ் ஏறிவிட்டால் ஊரின் பொறுப்பும் தீர்ந்தது என்று எண்ணிவிடுகின்றோம். குழந்தைப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் நேர்ந்த குறைகள் பல இந்த இடத்தில்தான் தொடங்கின.

இல்லங்கள் யாவும் தீயன என்று கூறுவதற்கில்லை. புதுக்கோட்டை மண்ணில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னையில் நிறுவிய ஔவை இல்லம், ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமியர்க்கும் கல்வியும் மதிப்பும் அளித்ததை யாவரும் அறிவர். 1920-ஆம் ஆண்டிலேயே குழந்தைகளுக்கெனச் சட்டம் இயற்றி ஏனைய மாகாணங்களுக்கு வழிகாட்டியதும் சென்னை மாகாணமே. அத்தகைய மாநிலத்தின் பெயரைத் தாங்கியே, அநாதை இல்லங்களில் குழந்தைகள் சீரழிக்கப்படுவது பற்றிய வழக்கு ஒன்று 2007-இல் சுப்ரீம் கோர்ட்டில் பதிவாயிற்று என்பது நாம் நாணத்தக்க செய்தியாகும். மகாபலிபுரத்து இல்லங்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியே அதற்கு வித்து.

பத்தாண்டுகள் நடந்த அவ்வழக்கில், 2017 மே 5-ஆம் நாள் நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா ஆகியோர் தீர்ப்பளித்தனர். குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் அனைத்தும் அவ்வாண்டு முடிவுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும்; ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் வேண்டும்; இல்லங்களைப் பார்வையிடக் குழுக்கள் இயங்க வேண்டும் என்று பணித்தனர். பதிவில்லாத இல்லத்தில் எத்தனை குழந்தைகள் உள்ளனர் என்பதே அரசாங்கத்திற்குத் தெரியாதெனில், அதனைப் பார்வையிடுவது எங்ஙனம்?

தீர்ப்புக்குப் பின்னும் தவறுகள் நேர்ந்தன. 2021-இல் மதுரை இல்லம் ஒன்றில், கொரோனாவால் இறந்ததாகப் போலி ஆவணம் காட்டப்பெற்ற குழந்தை விற்கப்பட்டதாக வழக்குத் தொடரப்பட்டது, குழந்தை உயிருடன் மீட்கப்பட்டது, இல்லம் மூடப்பட்டது. 2022 அக்டோபரில் திருமுருகன்பூண்டியிலுள்ள ஓர் இல்லத்தில் உணவு நஞ்சாகி மூன்று சிறுவர்கள் மாண்டனர். அரசாங்கம் அதனையும் மூடுவித்தது. உயிர் போன பின் கதவை மூடுவது நடவடிக்கைதான். ஆயினும் காலங்கடந்த நடவடிக்கை.

இனி, சட்டம் கூறுவதைக் காண்போம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பதிவின்றி இல்லம் நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆதரவற்ற குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்திற்குள் தெரிவித்தாக வேண்டும். குழந்தையை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு. இதில் தலைவரும் நான்கு உறுப்பினரும் உண்டு. ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். அக்குழுவின் உத்தரவின்றி, அறிமுகமான ஒருவர் சொன்னார் என்பதற்காக வெளியூர் இல்லத்திற்குக் குழந்தையை அனுப்பலாகாது. அவர் எவ்வளவு பெரிய மனிதராயினும் சரியே.

வானம் பார்த்த நிலம் மிகுந்த நமது மாவட்டத்தில், கண்மாய் நிறையாத ஆண்டுகளில் பெற்றோர் பிழைப்பைத் தேடித் திருப்பூர் முதலிய ஊர்களுக்குச் செல்வதுண்டு. பெற்றோர் இருந்தும் இல்லத்தில் வளரும் பிள்ளைகள் பலர். வறுமை ஒன்றே காரணமாயின் குழந்தையைப் பிரிக்க வேண்டுவதில்லை. மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு இடமுண்டு. பெற்றோர் இருவரையும் இழந்தோ, ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாமலோ உள்ள பிள்ளைகளுக்கு, 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிற்று. பாட்டியிடம் வளரும் பேரனுக்கு இத்தொகை பெரிது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி, எதற்குத் தகுதி உண்டு எனக் கேட்டறிந்து விண்ணப்பிக்கச் செய்வதில் வார்டு உறுப்பினர் உதவலாம்.

ஊராட்சித் தலைவரைத் தலைவராகக் கொண்டு, ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம செவிலியர் முதலியோர் அடங்கிய கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைக்கப்படுதல் வேண்டும் என்பது 2009-இல் வந்த திட்டத்தின் ஏற்பாடு. பல ஊர்களில் அது தீர்மானப் புத்தகத்தோடு நின்றுவிடுகின்றது. குழு கூடுமாயின் முதல் வேலையாக ஒரு பதிவேட்டைத் திறக்கட்டும். ஊரை விட்டு எந்தக் குழந்தை சென்றது, யார் அழைத்துச் சென்றார், எந்த இல்லம், அதன் பதிவு எண் யாது, விடுமுறைக்கு ஊர் திரும்பிற்றா என்பவற்றை அதில் எழுதலாம். பொங்கலுக்கு வராத பிள்ளையைப் பற்றி உறவினரிடம் விசாரிப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. விடை திருப்தி தராவிடில் 1098 என்னும் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். முன்னர்த் தொண்டு நிறுவனங்கள் வாயிலாக நடைபெற்ற இச்சேவை 2023 முதல் அரசாங்கத்தின் நேரடிப் பொறுப்பில் உள்ளது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.